சிவப்பு டம்ளர் விளக்கு

தோஹா
மரியே வாழ்க.

அன்புள்ள அம்மாவுக்கு செல்வின் எழுதுவது. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டுவலிக்கு தங்கச்சி எமில்டா தைலம் தேய்ச்சு விடுதாளா?

கேம்ப் ரூம்ல சமைக்க விடமாட்டாங்க. அதனால நீங்க கொடுத்துவிட்ட சாமான்லாம் இங்கன வேற வேலை பாக்குது. இட்லித் தட்டுக் குழியில நட்டும் போல்ட்டும் கிடக்கு. மெழுகுதிரியும் கொளுத்தக் கூடாது. போன் டார்ச்சைப் போட்டு, மேல அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் டம்ளரைக் கவுத்தி மாதா படத்துக்கு முன்னால வச்சேன். அசல் நம்ம வீட்டு விளக்கேதான்.

போன வாரம் செபமாலை சொல்லிட்டு இருந்தேன். சேஃப்டி ஆபீசர் ஜன்னல் வழியா அந்தச் செவப்பைப் பாத்து, ஹீட்டர் வச்சுச் சமைக்கேன்னு நெனைச்சு, தீயணைக்கிற சிலிண்டரோட ஓடி வந்து அடிச்சுட்டாரு. நானு, மாதா, டம்ளர் எல்லாம் வெள்ளைப் பொடி. அப்புறம் அவரே படத்தைத் துடைச்சுக் கொடுத்தாரு. வேலைக்கு ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க.

இதைக் கொண்டாற மனுவேல் அண்ணன் முத்தையாபுரத்துல மாமியார் வீட்டுலதான் இருப்பாரு. அவருகிட்ட சீலா கருவாடு கொடுத்துவிடுங்க.

இன்னொண்ணு. போன்ல கேட்டா எமில்டா சிரிப்பா, அதான் எழுதுதேன். நம்ம வீட்ல ஒவ்வொரு மந்திரத்துக்கும் நீங்க முதல் பாதி சொல்ல, நாங்க மறுபாதி சொல்லுவோம். இங்கன ரெண்டு பாதியும் நானேதான் சொல்லுதேன். செபமாலையோட அம்பத்து மூணு மணியையும் உங்க குரல்ல பதிஞ்சு அனுப்புங்க. டம்ளருக்குள்ள இருந்து கேக்கும்.

கம்பெனி பஸ் வந்துட்டு, முடிக்கேன். முதல் பாதி மட்டும் சொல்லிட்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சும்மா இருங்கம்மா. மிச்சத்தை நான் சொல்லிக்கிடுதேன்.

செல்வின்