வீடு முடியாததற்கான காரணங்கள்

22-11-1978

அன்பு மகன் முகுதூம் தம்பிக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும், உன் வீட்டில் மருமகள் ருக்கையாவும் பேத்தி நபீசாவும் அல்லாஹ்வின் அருளால் சுகமாக இருக்கிறோம். ஹாங்காங் குளிரில் உன் நெஞ்சுச்சளி குறைந்து நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கேட்டுக்கொள்கிறோம். பெருநாளுக்கு முன் நீ போட்ட கடிதம் கிடைத்தது. வீடு ஏன் இன்னும் முடியவில்லை, விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். தூத்துக்குடி மீன்துறை அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதும் அறிக்கை எழுதியே பழகியவன் நான், எண் போடாமல் எனக்கு எழுத வராது. ஆகவே இந்தக் கடிதத்தில் வருபவை:

1. மழை, உன் உம்மாவின் முழங்கால்.
2. சுவர் எழும்பாத காரணங்கள்.
3. அதில் உன் மனைவியின் பங்கு.
4. புதுச் சட்டமும் நம் ஊர்ச் சங்கமும்.
5. நபீசா.
6. உன்னிடம் ஒரு வேண்டுகோள் (அதுவரை எனக்குத் தைரியம் இருந்தால்).

முதல் இலக்கம் சுருக்கமானது. மழை நன்றாகப் பெய்கிறது. திருச்செந்தூர் பஸ் இரண்டு நாள் வரவில்லை. உன் உம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நீ அனுப்பிய புலிப்படத் தைலத்தின் புகழ் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் தொட்டுத் தொட்டுக் கொடுத்துவிட்டாள். இப்போது வெறும் டப்பாவை மோந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் தேவலை என்கிறாள்.

இரண்டாவது. உன் கடிதத்தை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் நீ திருத்தலாம். உன் முதலாளி ஹாஜியார் தம் இரண்டாவது மகனுக்கு நபீசாவைக் கேட்டிருக்கிறார். உனக்கு மறுக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்கு இருபத்து நான்கு, நபீசாவுக்குப் பதின்மூன்று. இன்னும் இரண்டு மாதத்தில் வரும் ரபீஉல் அவ்வலில் நிக்காஹ். உனக்கு லீவு கிடைக்காது என்பதால் உன் இடத்தில் நான் நின்று பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும். நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம், பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை, ஆகவே உன் வீட்டுக்குப் பின்னால் நபீசாவுக்கென்று நாம் தொடங்கிய வீட்டை அதற்குள் முடித்தாக வேண்டும். இதுதானே விஷயம். வீட்டு வேலையை மேற்பார்க்க என்னை நம்பி விட்டாய். இதை ஊரில் சொன்னபோது சிரிக்காதவர் இல்லை. கடை வாசலில் செருப்பு மாட்டவே கால்மணி நேரம் எடுத்துக்கொள்பவன் என்று பெயர் வாங்கியவன் நான்.

மழையில் சுண்ணாம்பு காயவில்லை என்பது ஒரு காரணம். கிழக்குச் சுவர் கோணல் என்று எனக்குப் பட்டு அதை மூன்று வரிசை கல் இறக்கித் திரும்பக் கட்டச் சொன்னது இன்னொன்று. கொத்தனார் சிவனணைந்தபெருமாள் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மொதலாளி, குண்டு பொய் சொல்லாது, சொவரு நேராத்தான் நிக்கு, சாஞ்சு நிக்கது நீங்கதான் என்றார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை என்றேன். உங்களுக்கு என்னைக்குத்தான் சந்தேகம் தீந்துச்சு, எனக்கு நாள் கூலி, எனக்கென்ன, ஆனா இப்படியே போனா இந்த வீட்டுக்குள்ள ஒங்க பேத்தி வரமாட்டா, பேத்திக்குப் பேத்திதான் வருவா என்று சொல்லிக்கொண்டே இறக்கினார். மூன்றாவது காரணம் சிமெண்டு. பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை கிடைக்காது என்பது உனக்குத் தெரியும். நானே என் கையால் மனு எழுதிக் கொடுத்தேன். அதில் மனையின் சர்வே எண் எப்படியோ தவறாக விழுந்துவிட்டது. மனு எங்கோ தூங்குகிறது. வயதாகிவிட்டது தம்பி.

மூன்றாவது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பழி முழுவதும் என் மேல் விழக்கூடாது. உன் மனைவிக்கு இந்த வீட்டில் ஆடம்பரம் கூடிவிட்டது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது அடுக்களை மேற்கே என்றாள். சுவர் இடுப்பளவு வந்ததும், மாமனார் முன்னால் வராத பழைய வழக்கப்படி கதவுக்குப் பின்னால் நின்று, மாமா கோவிச்சுக்கிடாதீங்கோ, மேக்கே இருந்தாப் புகையெல்லாம் கூடத்துக்குத்தான் வரும், கெழக்கே மாத்திடுங்கோ என்றாள். மாற்றினோம். பிறகு கிழக்கே வெயில் என்றாள். பெண்கள் நடமாடும் முடுக்குச் சந்துக்குத் திறக்கும் பின்வாசல் இதுவரை மூன்று இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஜன்னலுக்குச் செங்கோட்டைத் தேக்குதான் வேண்டுமாம், பர்மா தேக்கு ஆகாதாம். இவளுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த தெரு சக்கினாவை உனக்கு நினைவிருக்கும், நபீசாவுக்கு ஒரு வயது மூத்தவள், போன வருஷம் கல்யாணமானவள். ரமலானில் அவளுக்குப் பிரசவ வலி கண்டு, பெற்ற தாய் மயங்கி விழுந்துவிட, ருக்கையாதான் காரில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்க் கூடவே இருந்தாள். குழந்தை தங்கவில்லை. சக்கினா பிழைத்தாள். அங்கே டாக்டர் மெட்டில்டா என்ற அம்மாள், இந்தப் பிள்ளைக்கு இடுப்பெலும்பே இன்னும் வளந்து முடியல, நீங்கள்லாம் எந்தக் கப்பலப் பிடிக்க இப்படி ஓடுதிய என்று கேட்டாராம். அவ்வளவு பெரிய துக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த உன் மனைவி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா, மாமா, அடுக்களை இருக்கிற இடம் சரியில்லே என்பதுதான். பெண்களின் மனத்தை நான் அறியேன்.

நான்காவது. போன மாதம் முதல் பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்று சட்டம் மாறிவிட்டது, அங்கே செய்தி வந்ததா தெரியாது. பத்திரிகையிலிருந்து அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு சங்கத் தலைவரிடம் போனேன். இது முக்கியமான விஷயம் காக்கா, கூட்டம் போடணும் என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். கூட்டம் போட்டார்கள். இளவயதுத் திருமணத்தின் தீமைகள் என்று தலைவர் இரவு இஷா தொழுகை வரை பேசினார், நன்றாகவே பேசினார். பின் வரிசையிலிருந்து யாரோ, தலைவரே, ஒங்க மவ கல்யாணத்துல போன வருசந்தான் கறிச்சோறு தின்னோம், அந்தப் புள்ளைக்கு அப்ப என்ன வயசு என்று கேட்டார். தலைவர் கொஞ்சமும் அசையாமல், அது பழைய சட்டத்துல நடந்தது என்றார். பழைய சட்டத்திலும் பதினைந்து என்பது எனக்குத் தெரியும். எழுந்து சொல்லலாம் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். முடிவில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். கையெழுத்து அழகாக இருப்பதால் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். கமிட்டி இதுவரை கூடவில்லை, உறுப்பினர்கள் எல்லாரும் கல்யாண வேலைகளில் இருக்கிறார்கள்.

சட்டப்படி, நடத்திவைக்கும் பெரியவருக்கும் சிறை உண்டு. என் தலையணை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மார்க்கப்படி என்ன என்று ஆலிம்சாவிடம் தனியாகக் கேட்டேன். அவர், கூடும்னு சொன்னா செஞ்சே ஆவணும்னு அர்த்தமா, கடல்ல குளிக்கக் கூடும், அதுக்காகப் புயல்ல போய் விழுவீங்களா என்றார். அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா என்றும் கேட்டார். எனக்கு அப்போது என் பழைய மீன்துறை அலுவலகம் ஞாபகம் வந்தது. முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன் ஆட்களை இறக்கிப் பார்ப்போம், சிப்பியை எடுத்துவந்து அளப்போம், முற்றவில்லை என்றால் இந்த ஆண்டு குளிப்பு இல்லை என்று நோட்டீசு ஒட்டுவோம். வியாபாரிகள் வந்து சண்டை போடுவார்கள். எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் சிப்பி முற்றவில்லை அண்ணாச்சி என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். சிப்பிக்காக அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

ஐந்தாவது. நபீசா எட்டாம் வகுப்பு. வகுப்பில் முதலாவதாக வருகிறாள் என்று எழுத ஆசைதான், ஆனால் கணக்கில் சுமார். பூகோளம் பிடிக்கும், உன் கடித உறையில் உள்ள தபால்தலையைப் பிய்த்து அட்லாசில் ஒட்டியிருக்கிறாள். நம் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டோடு வகுப்பு முடிகிறது. ஒன்பதுக்கும் பத்துக்கும் தொடங்கிய அறை, பணமும் சிமெண்டும் இல்லாமல் பாதிச் சுவரில் நனைகிறது. போன வாரம் எங்களுக்கு ஃபிளாஸ்கில் தேயிலை கொண்டுவந்தவள், சிவனணைந்தபெருமாள் சுவரை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், இது எனக்குக் கட்டுற வீடுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கு அவசரம் இல்லையே, அப்ப யாருக்கு அவசரம் என்றாள். குதர்க்கமாகக் கேட்கவில்லை தம்பி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தேயிலையைக் குடித்துவிட்டு இன்னும் ஒரு வரிசை இறக்கச் சொன்னேன்.

ஆறாவது. தைரியம் இல்லை, ஆனால் எண் போட்டுவிட்டேன். சர்வே எண் தவறாக விழவில்லை. நான் தவறாக எழுதினேன். சுவரும் கோணல் இல்லை. ஒரு ஃபைலை எப்படித் தூங்கவைப்பது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும், அதைச் செய்தேன். நீ ஹாஜியாரிடம் முடியாது என்று சொல்லமாட்டாய், உன்னைப் பெற்றவன் நான், எனக்குத் தெரியாதா. நீ சொல்லவும் வேண்டாம். என் வாப்பா மந்தமான ஆள், அவர் கையில் வீட்டை விட்டுவிட்டேன், முடிந்தபாடில்லை, பத்தாம் வகுப்பு முடியட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல். பழி எல்லாம் என் மேல் போடு. அதைத் தாங்கும் பெயர் எனக்கு ஏற்கனவே இருக்கிறது. பெண்ணைக் கொடுக்க உன் இடத்தில் நிற்கச் சொல்லி எனக்கு எழுதாதே. எழுதினால் என்னால் மறுக்க முடியாது, அதுதான் பயம்.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலை சிமெண்டு வந்துவிட்டது. முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்து இப்போது பெர்மிட் அலுவலகத்தில் இருக்கும் ஒரு பையன் என் கையெழுத்தை அடையாளம் கண்டு, கிதுரு சார் நம்பரு தப்பாப் போடமாட்டாவ, எங்கேயோ பிசகியிருக்கு என்று தானே தேடிச் சரியான எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறான். மரியாதைதான், என்ன செய்ய. வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கி அடுக்கிவிட்டு, இனி ஒரு மாசம் மொதலாளி, மணவறைக்குப் பூச்சு பூசி உங்க கையில் சாவியத் தந்துருதேன் என்றார் சிவனணைந்தபெருமாள். நான் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இனி என்ன பொய் சொல்வது என்று தோன்றவில்லை. மதியம் லுஹருக்கு வீட்டுக்குப் போனவன் மாலை அஸர் வரை வெளியே வரவில்லை.

திரும்பப் போனபோது மூட்டைகள் இல்லை. கொத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டு, மருமவ சொன்னாவ, வண்டியில ஏத்தி அனுப்பியாச்சு, இந்த வீட்டுல யாருக்குத்தான் வேலை பாக்கது என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து ருக்கையா, மாமா, பள்ளிக்கூடத்து அறை பாதியில நிக்கிதாம், ஒங்க மகன் பேர்ல ஸதகாவாக் குடுத்துட்டேன், கல்யாணம்னு ஒண்ணு பேசினா அதுக்கு முன்னாடி ஒரு நன்மையான காரியம் செய்யணும்லா என்றாள். பெர்மிட் சிமெண்டை வேறு வேலைக்குக் கொடுப்பது விதிப்படி குற்றம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், புதுசாப் பெர்மிட்டுக்கு நீங்கதான் மனு எழுதணும் மாமா, நம்பரு மறந்திருந்தா நான் சொல்லுறேன், போன தடவை போட்டியளே, அதையே போடுங்கோ என்றாள். மனை அவள் வாப்பா கொடுத்தது, மனுவிலும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். சரியான எண் உள்ள பத்திரம் அவள் பெட்டியில்தான் இருக்கிறது. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் சிரித்தாளா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சங்கத் தலைவர் உன் பெயரைச் சொல்லி, பெண்கள் கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல் என்று துஆச் செய்யப்போகிறாராம். பள்ளிக்கூடத்திலிருந்து உனக்கு நன்றிக் கடிதம் வரும். ஒன்றும் தெரியாதவன்போல் முழிக்காதே, அடக்கமாகப் பதில் எழுது, ஹாஜியாரிடமும் காட்டு. தன் கடை ஆள் செய்த தர்மத்தை எந்த முதலாளியும் குறை சொல்லமாட்டார். உன் கையில் பரக்கத்தையும் உன் நெஞ்சுக்குச் சுகத்தையும் அல்லாஹ் தருவானாக. காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் உம்மாவுக்குத் தைலம் மறக்காதே, இரண்டு டப்பாவாக அனுப்பு, ஒன்று தெருவுக்கு.

ஒரு திருத்தம். மூன்றாவது இலக்கத்தில், வீடு தாமதமாவதற்கு உன் மனைவியின் ஆடம்பரம் ஒரு காரணம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. எழுதியதை அடிப்பது அலுவலக வழக்கமில்லை, அதனால் அப்படியே இருக்கிறது. அவள் எழுத இந்தத் தாளின் அடியில் இடம் விட்டு, கடிதத்தைக் கதவிடுக்கில் நீட்டினேன். மூன்றாவதையும் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் மாமாவே எழுதிட்டாங்க, அடுக்களை மறுபடியும் மேக்கே என்று மட்டும் எழுதிடுங்கோ என்றாள்.

உன் வாப்பா,
கிதுரு முகம்மது