பாதி அழிந்த எழுத்து

ஜூன் 12, வியாழன்

ஆறாம் வகுப்புக்கு 'படிக்கும் முறை' என்று வாரம் இரண்டு பீரியட். ஹெச்.எம். பானுமதி மேடம் அதை என் தலையில் கட்டிவிட்டார். "அஞ்சாவது வரைக்கும் ஒரே டீச்சர், இப்போ ஏழு பேர். பிள்ளைங்க மிரண்டு போயிருக்கும். நோட்டு எப்படி எழுதணும், வீட்ல எப்படிப் படிக்கணும்னு நீங்கதான் சொல்லித் தரணும் விஜயராணி."

நான் அறிவியல் டீச்சர். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நானாக உருப்போட்டேன், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூர் வீடு வரும்வரை பஸ்ஸில் இதே யோசனை. முப்பத்தெட்டுப் பேர் முன்னால் என்ன பேசப்போகிறேன்?

ஜூன் 16, திங்கள்

பரவாயில்லை. பச்சைமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வள்ளிக்கண்ணுவின் நோட்டு அச்சடித்தது போல் இருக்கிறது. வகுப்புக்கே தூக்கிக் காட்டினேன். "இப்படி எழுதினா பாதிப் படிப்பு முடிஞ்சுது." எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

செய்திருக்கக் கூடாது.

எடுத்த குறிப்பை வாசிக்கச் சொன்னேன். வள்ளிக்கண்ணு எழுந்து நின்றாள், வாயைத் திறக்கவில்லை. மூன்று முறை கேட்டேன். திமிர் என்று நினைத்துவிட்டேன். "வாசிக்கிற வரைக்கும் வெளியில நில்லு." மணி அடிக்கும்வரை வராந்தாவில் நின்றாள்.

சாயந்திரம் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். போர்டில் 'ஆவியாதல்' என்று எழுதியபோது என் சேலைத் தலைப்பு பட்டு 'வி' பாதி அழிந்துவிட்டது. மற்றவர்கள் முழுச் சொல்லாக எழுதியிருக்கிறார்கள். வள்ளிக்கண்ணு அந்தப் பாதி எழுத்தை அப்படியே வரைந்து வைத்திருக்கிறாள்.

வரைந்து — அதுதான். அவள் எழுதவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியாது.

நாளைக்கு முதல் வேலையா அவகிட்ட பேசணும். என்னன்னு பேசறது?

ஜூன் 20

வரவில்லை.

ஜூன் 21, சனி

ஹாஸ்டல் வார்டன் பேட்ரிசியாவுக்கு போன் செய்தேன். "வியாழக்கிழமை என் போன்லதான் அம்மாகிட்ட பேசி அழுதுச்சு டீச்சர். மறுநாள் காலையிலேயே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. டிசி வேணுமாம்."

வராந்தாவைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. ஹெச்.எம்.மிடமும் சொல்லவில்லை. பயம்தான். வேறென்ன?

ஜூன் 22, ஞாயிறு

துறையூர் போய், மலை பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன். 

அவள் அம்மா மயிலம்மாள் மரவள்ளிக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "டிசி கொண்டாந்தீங்களா?"

"இல்லீங்க. உங்க பொண்ணை வெளியில நிக்க வெச்சது நான்தான். தப்பு என்னோடது."

என்னையே பார்த்தார். "அதுக்கு எழுத்து வராதுன்னு அஞ்சு வருசமா யாரும் எங்ககிட்ட சொல்லலீங்க. பாஸ், பாஸுன்னுதான் சொன்னாங்க."

வள்ளிக்கண்ணு வரப்பில் நின்றிருந்தாள். "தெரியலைன்னு ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"நல்ல நோட்டுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க."



அனுப்புகிறேன் என்று மயிலம்மாள் சொல்லவில்லை. "பாக்கலாங்க" என்றார். அப்படின்னா வராதுன்னு அர்த்தமா?

ஜூன் 24, செவ்வாய்

ஹெச்.எம்.மிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வராந்தாவையும் சேர்த்து. "மலைக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்திருக்கணும்" என்றார். அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூன் 27

இன்றும் வரவில்லை.

ஜூன் 30, திங்கள்

வந்துவிட்டாள். மயிலம்மாள் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னார்: "ஒரு மாசம் பாக்கறேங்க."

ஒரு மாதம் போதுமா? எழுத்துக் கற்றுக்கொடுத்து எனக்குப் பழக்கமே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் லேபில் இருபது நிமிடம். 'ட'வுக்கும் 'ப'வுக்கும் குழம்புகிறாள். நானும் அவசரப்படுகிறேன்.

ஜூலை 9, புதன்

'படகு' என்று வாசித்தாள். எழுத்து எழுத்தாக, பிறகு சேர்த்து. நான் எதுவும் சொல்லும் முன் லேப் கதவு தட்டப்பட்டது. அவள் வகுப்பு ஹாஸ்டல் பெண்கள், நாலு பேர். முன்னால் நின்றவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்கும் வராது டீச்சர். வள்ளிக்கண்ணுதான், சொன்னா நீங்க திட்ட மாட்டீங்கன்னுச்சு."

வள்ளிக்கண்ணு நகர்ந்து இடம் விட்டாள். இடம் போதவில்லை. நாளைக்கு இன்னொரு பெஞ்ச் கேட்க வேண்டும்.