முந்தானையில் முடிந்த அரிசி

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ நலமாக இல்லை என்று தெரிந்தே எழுதுவதால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். போனை அணைத்துப் போட்டுவிட்டாய். உன் அறையில் இருக்கும் பிள்ளைக்குக் கூப்பிட்டால் எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள், வகுப்புக்கும் போவதில்லை என்கிறது. படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன், இனி ருஷ்ய பாஷை வேண்டாம் என்று நீ கடைசியாக அனுப்பிய செய்தியை அப்பாவுக்குக் காட்டவில்லை. பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தும் நாளாகிவிட்டது.

இங்கே மழை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது, ரெட்டியபட்டிக்கு மேற்கே பெய்தால் நமக்குப் பெய்வதில்லை, மக்காச்சோளம் முளைத்த மட்டில் வாடி நிற்கிறது. அப்பா பந்தல்குடி லாரி செட்டுக்குப் போய்வருகிறார், இடுப்பு வலியை வாய் திறந்து சொல்லமாட்டார், உட்கார்ந்து எழும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும். உன் காலேஜ் இருக்கும் வடக்கே குளிர் இறங்கிவிட்டதாமே, போன வருசம் வாங்கிய கம்பளிச் சட்டையை மடித்து வைக்காமல் போடு. சளி பிடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, நம் பெரியம்மா மகன் ராஜகுருவும் சளிதான் என்று இருந்தவன்தானே. சுப்பம்மாள் பெரியம்மாவுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிடுமோ என்று நினைக்காமல் நான் ஒரு நாளும் கண் மூடுவதில்லை.

உனக்குப் பரீட்சை நடந்ததால் ராஜகுரு அண்ணன் அடக்கத்துக்கு வரமுடியவில்லை. அன்று நடந்ததை நானும் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, படிக்கிற பிள்ளை மனசைக் கெடுக்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்லாமல் முடியாது. ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனான், பெட்டியில் வைத்து அடைத்து அனுப்பிவிட்டார்கள். திறக்கக்கூடாது என்று உடன் வந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவும் பங்காளி வீட்டுச் செல்வக்குமாரும், நாளாகிப் போச்சு, திறந்தா எப்படி இருக்குமோ, பெத்தவ பார்க்கவேண்டாம் என்று தீர்மானம் பண்ணிவிட்டார்கள். நீர்மாலை எடுத்து வந்தோம், குளிப்பாட்ட உடம்பு இல்லை, தண்ணீரைப் பெட்டி மேல் தெளித்தோம். வாய்க்கரிசி போட முகம் இல்லை. வரிசையாக வந்து மூடி மேல் போட்டோம், அரிசி நிற்காமல் வழுக்கித் தரையில் கொட்டியது. பெரியம்மா முறை வந்தபோது கையில் அரிசியை வைத்துக்கொண்டு நின்றார், போடவே இல்லை. எம் புள்ளை மூஞ்சியக் காட்டாம எவனையோ கொண்டாந்து இறக்கிருக்கீக, மூடிக்குச் சோறு போட நான் வரலை என்று சொல்லி அந்த அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெரியப்பா போன பிறகு அந்த ஒரு பிள்ளையை வைத்துத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

கருமாதிக்கு நாள் பார்க்கப் போன அப்பாவை, உசுரோட இருக்கவனுக்குக் கருமாதி செய்வியாலே என்று வாசலிலேயே கேட்டுத் திருப்பி அனுப்பினார். தினமும் அவனுக்கும் சேர்த்து உலை வைத்தார், அவன் தட்டில் போட்டு மூடி வைப்பார், மறுநாள் கோழிக்குக் கொட்டுவார். புடவை மாற்றினாலும் அந்த முடிச்சு மட்டும் அடுத்த முந்தானைக்குப் போய்விடும். எதிர்வீட்டுப் பெத்தம்மாள் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசினாள், நான் அவளோடு பேச்சை விட்டேன்.

அதற்கு நடுவில்தான் அந்த ரைசா அம்மா போன் பண்ண ஆரம்பித்தார். ராஜகுரு தங்கியிருந்த இடத்தில் சமைத்துப் போட்டவர் என்று உனக்குத் தெரியும், அவன் இருக்கும்போதே ஒரு முறை வீடியோவில் பெரியம்மாவுக்குக் காட்டியிருக்கிறான். கூப்பிட்டு அவர் பாஷையில் என்னவோ சொல்லி அழுவார், பெரியம்மாவும் ஒன்றும் புரியாமலே கடைசிவரை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். ஒம் மக அந்தப் பாஷைதான படிக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அந்தம்மா எம் புள்ளை மூஞ்சியப் பார்த்துச்சான்னு கேட்டுச் சொல்லச் சொல்லு என்றார். ஊரில் எத்தனை பேர் நர்சு படிப்பில் சேர்க்காமல் ருஷ்ய பாஷைக்கு ஏன் அனுப்பினாய் என்று என்னைக் கேட்டார்கள். அன்று உன் நம்பரைப் போடும்போது எனக்குப் பெருமையாக இல்லை, உன்னை என்ன பாடு படுத்தப்போகிறோமோ என்று பயமாகத்தான் இருந்தது.

ரைசா அம்மாவையும் எங்களையும் ஒரே லைனில் சேர்த்து நீதான் பேசினாய். ரைசா அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதையும், வெந்நீரில் துணி நனைத்து அவன் முகத்தைத் துடைத்ததையும், தலை சீவிவிட்டதையும், வலது புருவத்தில் முடி முளைக்காத தழும்பைப் பார்த்ததையும் நீ சொல்லச் சொல்ல பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சின்ன வயசில் மோட்டார் ரூம் படியில் விழுந்து வாங்கிய தழும்பு அது. அப்போதும் அழவில்லை. அவனுக்கு என்ன படைச்சாக என்றுதான் கேட்டார். அந்த அம்மா நீளமாகச் சொன்னார். அப்புறம், அரிசியை வேகவைத்துத் தேன் ஊற்றி, அவன் பேரைச் சொல்லி அங்கே இருந்த எல்லாருக்கும் கொடுத்தார்களாம் பெரியம்மா என்றாய். அரிசியா தாயி என்று கேட்டார். ஆமா, அரிசிதான் என்றாய். அதற்கு மேல் அவர் அலறியதைத்தான் நீ கேட்டாய், போனை வைத்துவிட்டாய்.

அவர்கள் ஊரில் கோதுமையைத்தான் அப்படி வேகவைப்பார்களாம், அந்த அம்மா சொன்னதும் கோதுமைதானாம், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று மறுநாள் எழுதியிருந்தாய். ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் எங்களுக்கு முதல் பாடம், வகுப்புக்கு வெளியே முதன்முதலாக ஒரு ருஷ்ய மனுசியோடு பேசினேன், அதிலேயே பொய் சொல்லி மகனைப் பறிகொடுத்தவளை ஏமாற்றிவிட்டேன், எனக்கு இந்தப் படிப்புக்குத் தகுதி இல்லை என்று எழுதியிருந்தாய். உன் வாத்தியார் சொன்னது சரிதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நீ போனை வைத்த பிறகு நடந்ததையும் கேட்டுவிட்டு முடிவு செய்.

பெரியம்மா நம் அடுப்படியில் விழுந்து அழுதார். அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்து ஒப்பாரி வைத்தார், தெருப் பெண்கள் எல்லாம் ஓடிவந்து கட்டிப் பிடித்து அழுதார்கள், பெத்தம்மாளும் வந்தாள். அடக்கத்தன்று அழவேண்டிய அழுகை அது. ஓய்ந்த பிறகு தண்ணீர் கேட்டுக் குடித்தார், தலைக்குக் குளித்தார். பொழுது விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, என்னைய அவன்கிட்ட கூட்டிட்டுப் போ என்றார். பெண்கள் இடுகாட்டுக்குப் போவது நம் வழக்கம் இல்லை, ஆனாலும் அப்பா வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்டாராம். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வண்டு விழுந்துபோன அந்த அரிசியைத் தலைமாட்டில் போட்டு, பசியோட அனுப்பலைய்யா, அங்கனயும் ஒரு ஆத்தா ஒனக்கு அரிசி போட்டுத்தான் அனுப்பிருக்கா என்று சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து கொல்லையில் போய் நின்றுகொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து பெரியம்மா ஒருத்திக்குத்தான் உலை வைக்கிறார். அதைப் பார்க்கும்போது எனக்குத் தட்டை மூடி வைத்த நாளே தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. ஆனாலும் சாப்பிடுகிறார். கருமாதியை அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சம்மதித்துவிட்டார்.

கோதுமை என்று நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது பாவம் என்றால் பாதி எனக்கும் சேரட்டும். நீ படிப்பை விடுவதும் விடாததும் உன் இஷ்டம், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த ரைசா அம்மாவுக்கு நாளைச் சொல்லச் சொல்லி பெரியம்மா என்னிடம் கேட்டிருக்கிறார், அங்கேயும் அன்றைக்கு அவனுக்கு ஏதாவது செய்வார்கள் அல்லவா என்கிறார். இதை உன்னைத் தவிர யார் சொல்வது. போனைப் போட்டு அந்த அம்மாவைக் கூப்பிடு. நீ மாற்றிச் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடு, அவரும் ஒரு தாய், கோபிக்கமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரிசியை வேகவைக்கச் சொல் பிரியா. நீ சொன்னது நிஜமாகிவிடட்டும்.

அய்யனார் உனக்குத் துணை இருப்பார், நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே போகாதே. தலைக்கு எண்ணெய் வை. எழுந்து சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நினைப்பிலேயே இருக்கும் அம்மா,
முருகலட்சுமி
எம்.ரெட்டியபட்டி