மேலே ஓர் அறை வாடகைக்கு

ஜூலை 21, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயில் வழக்கம்போல மக்கர். லேட்.

மேலிடத்திலிருந்து மெயில். ஆகஸ்ட் 8 கூட்டத்துக்குள் கையெழுத்துப் போட்ட வாடிக்கையாளர் ஒருவராவது வேண்டும். இல்லையென்றால் சிங்கப்பூர் கிளைக்கு மூடுவிழா. கிளை என்றால் நானும் கார்த்திக்கும். விற்பது தனியார் விண்வெளி நிலையத்தில் ஓர் அறை, அலமாரி அலமாரியாக வாடகைக்கு. அறை இன்னும் மேலே போகவே இல்லை. இன்னும் கட்டாத அரசாங்க வீவக வீட்டுக்கு வரிசையில் நிற்கிற ஊர் இது. இதற்கு மட்டும் ஒருத்தரையும் காணோம்.

எனக்கென்ன, சிட்டிசன், வேறு வேலை கிடைக்கும். கார்த்திக் திருச்சியிலிருந்து வேலை பாஸில் வந்தவன். வேலை போனால் பாஸும் போகும், ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மனைவி திவ்யாவுக்கு ஏழாம் மாதம். பிரசவம் இங்கேதான் என்று ஆஸ்பத்திரிகூடப் பார்த்தாயிற்று. அவனை இந்த வேலைக்கு இழுத்து வந்தது நான்.

ஜூலை 23, புதன்

நாள் முழுக்க போன். மருந்து கம்பெனி: மேலே புரதப் படிகம் நன்றாக வளரும், அது அவர்களுக்கே தெரியும். "முதல்ல மேல போகட்டும், அப்புறம் பேசலாம் லா." பல்கலைக்கழகப் பேராசிரியை: ஆராய்ச்சி தயார், நிதி இல்லை. விளம்பரக்காரர்: ஜன்னலோரம் குளிர்பானம் மிதக்க வேண்டும், பக்கத்தில் ஒரு நடிகர். நடிகரை யார் ஏற்றுவது? சைனாடவுனில் ஈமச்சடங்கு நடத்துபவர்: அஸ்தி அனுப்பலாமா? அனுப்பலாம், திரும்பியும் வந்துவிடும். திரும்பி வரும் என்றால் வேண்டாமாம்.

சாயங்காலம் தேக்கா, நம் லிட்டில் இந்தியா. நகைக்கடை முத்தையா ஐயா. பூமியைச் சுற்றிவிட்டு வந்த தாலி! ஒரு பெட்டி நிறைய அனுப்பி, இறக்கி, விற்பது. முழுக்க அவர் யோசனை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, குனிந்து பையைத் தேடினேன். கார்த்திக் சிரிக்கவில்லை.

"மேல ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சூரியன் உதிக்கும் ஐயா."

"அப்ப எந்த உதயத்தை வச்சுத் தம்பி ராகு காலம் பாக்குறது?"

"சிங்கப்பூர்ல உதிக்கிறதையே வச்சுக்குவோம் ஐயா. தாலி இங்கதானே கழுத்துல ஏறப்போகுது."

அவ்வளவுதான், அவருக்கு இவனைப் பிடித்துப் போயிற்று. "செஞ்சிடுவோம் தம்பி."

மேலிடத்துக்கு உடனே எழுதிவிட்டேன்: ஒருவர் உறுதி. ஜூலைக்குள் கையெழுத்து.

ஜூலை 28, திங்கள்

ஒப்பந்தத்தோடு தேக்கா. ஐயா காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"என்னம்மா இது, ஆடில போய் தாலிக்குக் கையெழுத்தா? ஆவணி பொறக்கட்டும். நான் எங்க போயிடப் போறேன்."

ஆடி. போன வெள்ளிக்கிழமைதான் அம்மாவோடு கோயிலில் வரிசையில் நின்று கூழ் குடித்தேன். தமிழ் வாடிக்கையாளர் மனசு தெரிந்தவள் என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள். நன்றாகத்தான் தெரிந்திருந்தேன்.

ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17. கூட்டம் 8.

மேலிடத்தோடு பேசினேன். ஆடி என்றால் பொது விடுமுறையா என்று கேட்டார் மேலதிகாரி. இல்லை என்றேன். அலுவலகங்கள் திறந்திருக்குமா? திறந்திருக்கும். "அப்புறம் என்ன பிரச்சினை?" அரை மணி நேரம் விளக்கினேன். எனக்கே முட்டாள்தனமாகக் கேட்டது. தேதியைத் தள்ள முடியாதாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வெயில் கொளுத்துகிறது. இன்றைக்காவது நல்ல நாளாயிற்றே என்று நானும் கார்த்திக்கும் மறுபடி போனோம். கடையில் நிற்க இடமில்லை. ஐயா கொஞ்சம் இளகினார், மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தம்மா: "இன்னிக்குக் கயிறு மாத்துவாங்க, பொன்னு வாங்குவாங்க. அது பெருகும். புதுத் தாலிக்கு ஒப்பந்தம்லாம் இன்னிக்குப் போடுறதில்லம்மா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, வாங்குன பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

கோபமே வரவில்லை. அவர் இடத்தில் அம்மா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

கார்த்திக் திரும்பி வரும்போது திவ்யாவுக்கு மாம்பழம் வாங்கினான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூடியாயிற்று. நாலு வரி மெயில், அதில் இரண்டு வரி நன்றி.

"விடுங்கக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான் கார்த்திக். திட்டியிருந்தால் தேவலை. டாய்லெட்டில் போய் அழுதேன்.

நாளைக்குத் தேசிய நாள். எங்கள் பிளாக் முழுக்கக் கொடி. எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஏர்போர்ட். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் திவ்யாவை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னதால் அவசர அவசரமாகக் கிளம்புகிறார்கள். கார்த்திக் பெட்டி தள்ள, அவள் டாக்டர் கடிதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல வேலை கிடைச்சிடும்லக்கா அவருக்கு?"

கிடைக்கும் என்றேன். விண்வெளி அறை விற்கிற வேலை திருச்சியில் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 18, திங்கள்

அலுவலகச் சாவியை ஒப்படைக்கப் போனேன். லேசான தூறல். உள்ளே நாற்காலி, மேசை எல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள்.

பின்னாலேயே முத்தையா ஐயா, பட்டு வேட்டியில். கூடவே மனைவி. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. மூடிவிட்டோம் என்று இவரிடம் சொல்ல எத்தனையோ முறை போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொல்லவில்லை.

"இப்ப நல்ல நேரம்தான். பேப்பர எடும்மா."

அந்தம்மா தட்டை என் கையில் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

"தம்பி எங்கம்மா? முதல் கையெழுத்து, பேனாவ அவர் கையால வாங்கிப் போடணும்னு வந்தேன். வரட்டும், அவசரம் இல்ல. நாங்க உக்காந்திருக்கோம்."

உட்கார ஒன்றும் இல்லை. இருவரும் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள்.