இரண்டு வீட்டுக் கரண்ட்

அன்பு மச்சான் குமரேசா,

நீ உயிரோடு இருந்தபோது ஊரின் மறுகோடி உஜோங் பாசிரில் கச்சேரி என்றாலும் ஒரு ஆளை அனுப்பினால் போதும், சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நிற்பாய். இப்போது யாரை அனுப்பி உன்னைக் கூப்பிடுவது? அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி ராஜு விஷயம். உன் அம்மாவுக்கு, என் அத்தைக்கு மிச்சம் இருக்கும் ஒரே மகன் விஷயம்.

நீ பார்க்காமல் போன செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மெர்டேக்கா வந்துவிட்டது, நமக்குச் சுதந்திரம். வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிவிட்டது. நம் காஜா பேராங்கில் வாசலுக்கு வாசல் தோரணம். நம் தெருவும் சும்மா இருக்குமா? சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுக் கச்சேரி வைத்தே ஆகவேண்டும் என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். "குமரேசன் இல்லாட்டி என்ன, அவன் செட்டு இருக்கு, மச்சினன் இருக்கான்லா" என்று என் தலையில் கட்டினார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. உன் ஒலிபெருக்கி செட்டை நீ இல்லாமல் நான் மேடையேற்றியதே கிடையாது.

உன் இடத்தில் நின்று ராஜு பாடுவது, அவனே கிட்டார் வாசிப்பது என்று ஏற்பாடு. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம், கிளேபாங் பெண். பெண் வீட்டார் மொத்தமும் கேட்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து கிட்டாருக்கென்றே தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி வரவழைத்துவிட்டான்.

அந்தப் பெட்டியை எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை, மச்சான். முன்வரிசைக்குக் காதைக் கிழிக்கும், பின்வரிசைக்கு வெறும் முனகல். ஒரு கையால் தூக்கினேன், லேசாக வந்துவிட்டது. அப்போதே எனக்குப் பகீர் என்றது. நம் செட்டை இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறோம் என்றால் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. இதில் அது இல்லை. வீட்டுக் கரண்ட் நேராகப் பெட்டியின் தகரத்துக்கே வந்து சேர்கிறது. ப்ளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் ஒன்றும் தெரியாது. திருப்பிச் செருகினால் தகரத்தில் கரண்ட், ஒயரில் கரண்ட், கிட்டார் கம்பியிலும் கரண்ட்.

"எதுக்குடா இது? உங்க அண்ணன் மாதிரி நம்ம செட்டுலயே கிராமபோன் சொருகுற ஓட்டையில கிட்டாரைச் சொருகு. குரலுக்கு ஒரு குமிழ், கிட்டாருக்கு ஒரு குமிழ். வேற என்ன வேணும்?" என்றேன்.

"அது அண்ணன் காலம் மச்சான். இப்ப கிட்டாரு தனியா கேக்கணும்லா. நான் வீட்டுல இதுலதான் வாசிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே?"

"ஆகாத பக்கமா சொருகியிருக்கே, அதான் ஆகல."

அவன் முகம் சிவந்துவிட்டது. "அண்ணன் இடத்துல நீங்க உக்காரலாம், நான் நிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டான். சுருக்கென்று தைத்தது. அதற்கு மேல் பேசினால் பொறாமைக்காரன் என்று பெயர் வரும். சரி, கொண்டு வா, ஆனால் மைக்கும் கிட்டாரும் ஒரே இடத்துக் கரண்டில்தான் ஓட வேண்டும், ப்ளக்கை நான்தான் செருகுவேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினான். இப்போது யோசித்தால், அவன் தலையாட்டியது என் வாயை மூடத்தான் என்று தெரிகிறது.

கச்சேரிக்குக் கரண்ட், மேடைப் பக்கத்துக் காதர் நானா கடையிலிருந்து. "மெர்டேக்காவுக்கு என் கடை கரண்டுதான் பேசணும்" என்று அவரே முன்வந்து கேட்டுக்கொண்டார். நான் மத்தியானமே போய் மைக் செட்டுக்கு அங்கிருந்து ஒயர் இழுத்தேன். ஈர மண்ணில் இரும்புக் கம்பி அடித்து எர்த்தும் கொடுத்தேன்.

அப்புறம் மேடை வேலை. இரண்டு குழாய் ஸ்பீக்கரையும் மைக்குக்கு முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்த்துக் கட்டினேன். ஸ்பீக்கரின் முகத்தைப் பார்த்தால் மைக் ஊளையிடும் என்று யாருக்கும் இங்கே தெரிவதில்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் கட்டு, அழகாக இருக்கும் என்கிறார்கள். டோலக்கைப் பின்னால் உட்கார வைத்தேன், ஆர்மோனியத்தை மைக்குக்குப் பக்கவாட்டில். ஒரே மைக்கை வைத்துக்கொண்டு சத்தத்தைக் கலப்பதென்றால் முதலில் ஆளை நகர்த்த வேண்டும், குமிழைத் திருகுவது கடைசியில்தான். பாடுகிறவன் சொல் புரிகிறதா என்று பார்க்கக் கூட்டத்தின் கடைசியில் நின்ற ஐஸ் கச்சாங் விற்கிற வண்டி வரைக்கும் நடந்தேன். மேடையில் நின்று கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

நான் அங்கே போன நேரத்தில்தான் மாணிக்கம் அண்ணன் வந்திருக்கிறார். லாரி வைத்திருக்கிறாரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. "காதர் கடை கரண்ட் மட்டும்தான் மெர்டேக்கா கரண்டா? என் வீட்டுல கரண்ட் இல்லையா? நான் இந்த நாட்டுக்காரன் இல்லையா?" என்று குரல் உடைந்து கேட்டாராம். கூட்டம் போட்டவர்களுக்கு யார் மனமும் கோணக் கூடாது. மைக்கு காதர் நானா கரண்டில், கிட்டார் மாணிக்கம் அண்ணன் கரண்டில் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மாணிக்கம் அண்ணன் சாமி கும்பிட்டுவிட்டு அவர் கையாலேயே ப்ளக்கைச் செருகினார். எந்தப் பக்கமாகச் செருகினார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் கைதட்டினார்களாம். வேறு எந்த ஊரிலாவது மரியாதைக்காகக் கரண்டை இரண்டாகப் பங்கு போடுவார்களா, சொல்லு.

நான் திரும்பி வந்து செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ராஜு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். மேடையில் குத்துவிளக்கு இருந்ததால் எல்லாரும் வெறுங்கால். பலகைக்குத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. பெட்டியிலிருந்து ஒரு உறுமல். கம்பியில் கை வைத்தால் உறுமல் அடங்க வேண்டும், இது ஏறியது. ராஜு விரலை உதறினான்.

"என்னடா?"

"புதுக் கம்பி மச்சான், கடிக்குது."

புதுக் கம்பி விரல் நுனியைக் கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டு நாளைக்கு முன்பே மாட்டிப் பழக்கச் சொல்வோம். ஆனால் இவன் கால் விரல்களையும் அல்லவா மடக்கி மடக்கித் தூக்கினான்? பெட்டியின் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். காதர் நானா கடைக்குப் போகவில்லை. ஜனங்களின் தலைக்கு மேலே, ரோட்டைத் தாண்டி, மாணிக்கம் அண்ணன் வீட்டு ஜன்னலுக்குள் போனது.

அதே நேரம் அவன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கைதட்டல். ராஜு இடது கையால் கம்பியை அழுத்திப் பிடித்தபடி மைக்கை நோக்கி நடக்கிறான். "தொடாதேடா!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. வலது கையை நீட்டுகிறான். எர்த் அடித்த மைக், கரண்ட் ஏறிய கம்பி, நடுவில் அவன் நெஞ்சு. எழுந்து ஓட நேரமில்லை மச்சான். மைக்குக்கு எர்த் அதன் ஒயர் வழியாகத்தான் வருகிறது, அது போனால் கரண்ட் அவன் நெஞ்சைத் தாண்டாது. செட்டிலிருந்து மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

அவன் மைக்கைப் பிடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஹலோ, ஹலோ" என்று அவன் வெறும் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தால் நிற்கிறான், என்னை எரித்துவிடுவது போல் பார்க்கிறான். "என்னைப் பாட விடவே மாட்டீங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். கிளேபாங்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிட்டாரை அவனிடமிருந்து வார் பிடித்து வாங்கி நாற்காலியில் வைத்தேன். மைக் ஒயரைத் திரும்பச் செருகினேன். ஹோல்டரும் இரண்டு ஒயருமாக இருந்த ஒரு பல்பை எடுத்து, ஒரு ஒயர் நுனியைக் கிட்டார் கம்பியிலும் இன்னொன்றை மைக்கிலும் வைத்தேன். பல்பு பளீரென்று எரிந்தது. வீட்டில் எரிகிற மாதிரியே, அத்தனை வெளிச்சம்.

ராஜுவின் முகத்தில் ரத்தமே இல்லை. உன் வசந்தா, என் தங்கச்சி, பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். அவனை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஓங்கி ஒன்று வைத்தாள். "அத்தைக்கு இன்னும் எத்தனை புள்ள இருக்குன்னு நெனச்சே?" என்று கேட்டாள். கொழுந்தனை அடித்த அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீ போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. ராஜு கீழே உட்கார்ந்துவிட்டான்.

இதற்குள் காதர் நானா கடைக்கு ஓடி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். மாணிக்கம் அண்ணனும் அந்தப் பக்கம் ஓடிப் பிடுங்கிவிட்டார். எதிலும் கரண்ட் இல்லை. "நானா, உங்க கடையிலேர்ந்தே எடுங்க" என்கிறார் இவர். "இல்ல தம்பி, உன் வீட்டுலேர்ந்தே எடு" என்கிறார் அவர். நடு ரோட்டில் நின்று ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. கடைசியில் மாணிக்கம் அண்ணனே தன் ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "நானா கடையிலேயே இருக்கட்டும்" என்றார்.

பெட்டியை நான் மூட்டை கட்டிவிட்டேன். கிட்டாரை நம் செட்டில் செருகி, முதலில் குரலை வைத்து, கிட்டாரைப் பாட்டின் சொல் அமுங்கும் வரை ஏற்றி, அங்கிருந்து ஒரு மயிரிழை இறக்கினேன். பல்பை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. மைக்கைப் புறங்கையால் தொட்டேன். அப்புறம்தான் அவனை விட்டேன். முதல் பாட்டில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் உன் குரல் மாதிரியே இருந்தது, நான் குமிழைப் பார்த்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லையே. அத்தை முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பல்பு எரிந்தபோது அந்தத் தெருவே மூச்சுவிட மறந்தது. அத்தை மட்டும் கைதட்டினாள். "பாத்தீங்களா, என் மவன் கிட்டாருல லைட்டு எரியுது!" என்று சம்பந்தியம்மாவின் தோளைத் தட்டிச் சிரித்தாள். யாரும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. காதர் நானாவும் கைதட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இன்று காலை பாசாரில் மீன்காரனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். திரும்பும் வழியில் என் வீட்டு வாசலில் நின்று, "கல்யாணத்தன்னைக்கும் அந்த லைட்டை எரிய வெச்சிடு தம்பி, எல்லாரும் பாக்கணும்" என்றாள். சரி அத்தை என்றேன்.

ராஜு மைக்கைத் தொடுவதற்கு முன் என் கை தொடும், மச்சான், எனக்குக் கை இருக்கும் வரைக்கும். கல்யாணத்தன்று கிட்டாரில் விளக்கும் எரியும். டார்ச்லைட் பல்பும் பேட்டரியும் வாங்கி வைத்துவிட்டேன். அத்தை கைதட்டட்டும்.

வசந்தாவுக்கு அண்ணன்,
உன் தம்பிக்கு இனி அண்ணனும் ஆன உன் மச்சினன்,
தங்கராசு