பெரியவீட்டுக்கு விற்ற பால்

அம்மா,

காலையிலிருந்து வீடு முழுக்கப் பூண்டு வாடை. கூடவே வெந்தயமும் கருப்பட்டியும். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாசல் மூலையில் இருக்கிற ஓலைப்பெட்டியிலிருந்துதான் அத்தனையும் வருகிறது. பெரியவீட்டிலிருந்து கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் என் வாசலைத் தேடி வந்துவிட்டார்கள் பார்.

அந்த வீட்டு எஜமானி ஆச்சியின் கடைசி மகனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். மருமகளுக்குப் பால் ஊறவில்லையாம். பெட்டியைச் சுமந்துவந்த மாடத்தி, அதுதான் அந்த வீட்டு வேலைக்காரி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "ஒங்கம்மை பால் குடிச்ச பிள்ளை எப்படி வளந்து நிக்கான் பாத்தியாளா? அதான் ஆச்சி ஒன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாவ. நெல்லு தருவாவ. சாயங்காலம் வாரேன், கெளம்பி இரு" என்றாள். என் மடியில் கைப்பிள்ளை கிடக்கிறான். அவனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சீமையில சண்டைன்னு சொல்லி நெல்லு வெலைய ஏத்திட்டானுவ. நம்ம மூத்த மவளும் வயிறு காஞ்சு கெடக்கா. யோசிச்சுச் சொல்லு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நான் எதை யோசிப்பேன்? உன்னைத்தான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க வயிறு எரிகிறது. உனக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நான் கற்ற எழுத்து உன்னைத் திட்டவாவது உதவட்டும்.

அப்போதும் இப்படித்தான் ஆரம்பித்தது. தென்காசிக்கு ரயில் பாதை போடுகிறார்கள் என்று மண் சுமக்கப் போன அப்பா, குளிர்காய்ச்சலோடு திரும்பி வந்து பாயில் விழுந்தார். வீட்டில் நானும் தங்கச்சியும். உன் இடுப்பில் தம்பி. பெரியவீட்டுப் பேரனுக்குப் பால் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நீயாகவே சேரன்மகாதேவிக்கு நடந்தாய். திரும்பி வரும்போது முந்தானையில் நெல் இருந்தது. அன்றைக்கு வயிறார உண்டோம். நானும்தான் உண்டேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பால் கொடுக்க வருகிறவள் அங்கேயே உட்கார்ந்துதான் உண்ண வேண்டும். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, நல்லெண்ணெய் வழிய உளுந்தங்களி. ஒரு கவளம்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கே முந்தியில் முடிந்துகொள்வாயோ என்று ஆச்சி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் தம்பியைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தேடி அங்கே வந்தேனே, மறந்திருக்க மாட்டாய். பசியில் கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. நீ எழுந்திருக்கப் பார்த்தாய். ஆச்சி குரலை உயர்த்தவே இல்லை. "ஏளா, எங்க சோத்துல ஊறுன பாலு. அது எங்க பிள்ளைக்கு. ஒன் பிள்ளைக்குத்தான் நெல்லு தாரோம்லா, கஞ்சி காச்சி ஊத்து" என்றாள். நீ மறுபடி இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாய்.

அங்கேதான் அப்படி. நம் குடிசைக்குள் யார் வந்து பார்த்தார்கள்? விடியற்காலையில் மாரில் பால் கட்டிக்கொண்டு, சேலையெல்லாம் நனைந்து நிற்பாய். தம்பி பக்கத்தில் கிடந்து வெறும் வாயைச் சப்பிக்கொண்டிருப்பான். "குடேம்மா" என்று நான் அழுதால், "சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்ளா. தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணப்படாது" என்பாய். பாவி மனுஷி! பெற்ற பிள்ளைக்குப் பண்ணினதற்கு என்ன பெயராம்? வாங்கின கூலிக்கு இத்தனை யோக்கியமாக இருக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அந்த வீட்டில் ஒருத்தராவது நம்மிடம் அப்படி யோக்கியமாக நடந்தார்களா?

நான்தான் பாலாடைச் சங்கில் கஞ்சித் தண்ணீர் புகட்டினேன். பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும். வயிறு ஊதி, கைகால் சூம்பி, ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த ஆடி மாதத்தில் அவன் போய்விட்டான். மறுநாளே பெரியவீட்டு ஆள் வந்தது. சாவுக்குத் துஷ்டி கேட்கவா வந்தார்கள்? "ரொம்ப அழாதளா. அழுதா பாலு வத்திப்போவும்னு ஆச்சி சொல்லச் சொன்னாவ." நீ முகத்தைக் கழுவிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாய்.

அந்தப் பையன் வளர்ந்து, வில்வண்டியில் திருநெல்வேலிக்குப் படிக்கப் போகும்போதெல்லாம் நீ ரோட்டோரம் நின்று பார்ப்பாய். "நம்ம பிள்ளை எப்படி நெடுநெடுன்னு வளந்துட்டான்!" நம்ம பிள்ளையாம்! அவன் ஒரு நாளாவது உன் பக்கம் திரும்பினானா? தம்பி இருந்தால் அவனுக்கும் அதே வயதுதான் என்று ஒரு நாளாவது நினைத்தாயா?

இவ்வளவு திட்டுகிறேனே, அந்த நெல் இல்லாவிட்டால் நானும் தங்கச்சியும் உயிரோடு இருந்திருக்க மாட்டோம். அது எனக்குத் தெரியாதா? ஒன்றைக் கொடுத்து இரண்டைக் காப்பாற்றினாய். என்னைக் கேட்டா செய்தாய்? இன்னொன்றையும் கேள். அது யார் நெல்? அப்பா நட்டு, நீ களை பறித்து, நம் ஆட்கள் அறுத்து அவர்கள் களத்தில் கொண்டுபோய்க் கொட்டின நெல். அதையே எடுத்து உன் பாலுக்கு விலையாகக் கொடுத்தார்கள். நீ அதற்கும் கும்பிட்டுவிட்டு வந்தாய்.

இதுவரை எழுதி வைத்திருந்தபோதே சாயங்காலம் மாடத்தி வந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

"ஆச்சிகிட்டப் போய்ச் சொல்லு. பிள்ளைய இங்கன தூக்கிட்டு வரட்டும். மொதல்ல எம் பிள்ளை குடிப்பான். அவன் வயிறு நெறைஞ்சு மிச்சம் இருந்தா அவுக பிள்ளைக்கு. சோறு எங்க வீட்டுல, எம் மக்களோட உக்காந்துதான் திம்பேன்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "இத எப்படிளா அவுககிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

"நான் சொன்னபடியே சொல்லு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் வரமாட்டார்கள். வேறு எவளாவது கிடைப்பாள். வீட்டுக்காரர் வந்து என்ன சொல்வாரோ தெரியாது. நாளைக்கே பிள்ளையை வரப்பில் கிடத்திவிட்டு நான் நடுகைக்கு இறங்க வேண்டியிருக்கும். இறங்குகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை அம்மா. இதை எழுதும்போது பிள்ளை மடியில் குடித்துக்கொண்டிருக்கிறான். வயிறு நிறைந்து அவனாக வாயை எடுத்துவிட்டாலும் எனக்கு மனசு கேட்பதில்லை. தலையைத் திருப்பிப் பிடித்து, "குடிலே, எல்லாம் ஒனக்குத்தான்லே" என்கிறேன். அவன் பெயரைச் சொல்லிக் கொஞ்ச வாயைத் திறந்தால், தம்பி பெயர்தான் வருகிறது.