குசினியோடு மேலே வந்த முருகைக்கல்

குறிஞ்சாக்கேணி

அன்பு மகள் றிஷானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் சாச்சியும் சுகம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முறைப்பாடு சொல்கிறது, அவுஸ்திரேலியாக் குளிரில் நீயும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். போனில் சொன்னால் இடையில் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். உன் பவள முருகைக்கல் உயிரோடு இருக்கிறது! உன் பட்டப்படிப்பு பிழைத்தது!

வெளிக்கடல் கற்பாரின் ஆழத்தில் முருகைக்கல் துண்டுகளோடு நீ கட்டிவிட்டுப் போன இரும்புத் தட்டியைக் கிழமைக்குக் கொஞ்சமாக மேலே தூக்கச் சொன்னாய், ஆழத்துக் கல் மேல்தண்ணீரில் பழகுமா என்பதுதான் உன் ஆராய்ச்சி, பாசி பிடித்தால் துடையுங்க சாச்சா என்றும் சொன்னாய், அங்கேதான் வில்லங்கம். நீ சொன்னது தட்டியில் பிடிக்கும் பாசியை. நம் வள்ளத்தில் வரும் அலியார் கபில நிறமாயிருந்த கல்லையே பாசி என்று நினைத்துத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துவிட்டான். அந்தக் கல் சுண்ணாம்பாய் வெளுத்துச் செத்தது. இவனோ, "காக்கா, மத்ததையும் தேய்ச்சா எல்லாம் பளபளக்கும்" என்கிறான். நான் போட்ட சத்தத்தில் சீனன்குடாவில் இறங்க வந்த பிளேன் திரும்பிப் போனதாகக் கதை.

அன்று நீ போனில் விளக்கியதை இப்போது ஊருக்கே நான் விளக்குகிறேன். அந்த நிறம் கல்லுக்குள் குடியிருக்கும் பாசி, அதுதான் கல்லின் குசினி, வெயில்தான் அடுப்பு. ஆழத்தில் வெளிச்சம் குறைவு, ஆகவே குசினி பெரிசு, கல்லும் விழும் வெளிச்சத்தைச் சிந்தாமல் ஏந்தத் தட்டமாய் விரிந்து கிடக்கும். திடீரென்று மேலே தூக்கினால் சட்டி தீய்ந்து பாசி ஓடிவிடும், கல்லும் வெளுத்துவிடும். ஆகவே சாச்சியின் யன்னல் சீலையைத் தட்டிக்கு மேல் நிழலாய்க் கட்டினேன். "கல்லுக்கு மணவறையோ கட்டுறீங்க?" என்று அவள் கத்தியது கட்டைபறிச்சான் வரை கேட்டிருக்கும். பிறகு தட்டியைத் தூக்கத் தூக்கச் சீலையையும் கிழமைக்கு ஒரு மடிப்பாய்த் திறந்தேன்.

நேற்று சீலையை முழுதாய்க் கழற்றி மூழ்கிப் பார்த்தோம். நிறம் கொஞ்சம் இளகியிருக்கிறது, வெளுப்பில்லை, தட்டமாய்க் கிடந்த கல்லின் ஓரத்தில் விரல் விரலாய் மேலே முளைக்கிறது! அலியார் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வாய் திறந்து உப்புத்தண்ணி குடித்தான். திமிங்கிலம் ஒன்றும் எட்டிப் பார்த்தது.

செத்த கல்லையும் மறைக்காமல் உன் ஆராய்ச்சியில் எழுது மகள், தேய்த்தது அலியார் என்று பெயர் போடு. வாழுகிற மிச்சத்துக்கெல்லாம் என் பெயரைப் போடு, எழுத்துப் பெரிசாக இருக்கட்டும்.

அல்லாஹ் உன் அறிவையும் ஆயுளையும் கூட்டித் தரட்டும். படிக்கிற மும்முரத்தில் சோற்றை மறக்காதே.

வாப்பாவின் இடத்தில் நிற்கும் உன் சாச்சா,
அபூதாஹிர்